மிக்ஸி இருந்தால்தான் மிக்ஸி வராததற்குப் பணம் தருவார்களாம்

பெறுநர்:
செயலர் அவர்கள்,
நுகர்வோர் விவகாரத் துறை,
கிருஷி பவன், புது தில்லி.

ஐயா / அம்மா, வணக்கம்.

சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். ஆதார் நகல், மின்கட்டணம், ரயில் டிக்கெட், வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் என்று எல்லாம் இங்கேதான் நடக்கும். நான்கைந்து ஆண்டுகளாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஆன்லைனில் பொருள் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கைப்பேசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "இது என்னவென்று கொஞ்சம் பாருங்கள் அண்ணாச்சி" என்பார்கள். புகார் எழுதிக் கொடுப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வதில்லை.

இத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தவன், சென்ற ஜனவரியில் நானே மாட்டினேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் கோரிக்கைக்கு வரவேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜனவரி 8ஆம் தேதி ஒரே ஆர்டரில் இரண்டு பொருள்கள் வாங்கினேன். மூன்று ஜாருடன் ஒரு மிக்ஸி, 3,450 ரூபாய். ஓர் இட்லிக் கொப்பரை, 890 ரூபாய். பணம் முழுவதையும் யு.பி.ஐ. வழியாக அப்போதே கட்டிவிட்டேன். இரண்டுக்கும் வெவ்வேறு விற்பனையாளர்கள் என்பது பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் பார்த்தது ஒரு தளம், போட்டது ஓர் ஆர்டர், பணம் போனதும் ஒரே இடத்துக்கு. கொப்பரை 11ஆம் தேதி ஒழுங்காக வந்து சேர்ந்தது. மறுநாள் மிக்ஸி பார்சல் வந்தது. கொண்டுவந்த பையன் அதை இரண்டு விரலால் தூக்கி நீட்டினான். மிக்ஸியை யாராவது இரண்டு விரலால் தூக்குவார்களா? அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஓ.டி.பி. சொல்லி வாங்கி வைத்துவிட்டேன். கடையில் கூட்டம்.

மாலையில் பிரித்துப் பார்த்தால் உள்ளே முடி உலர்த்தும் ஹேர் டிரையர். என் தலையில் உலர்த்த ஒன்றும் இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர் போட்ட லேபிள் சரியாகத்தான் ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் அடியிலிருந்து இன்னொரு லேபிளின் விளிம்பு எட்டிப் பார்த்தது. நகத்தால் மெல்லக் கிளப்பினேன். பாதிப் பெயரும், 641 என்று தொடங்கும் பின்கோடும் தெரிந்தன. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் யாரோ ஒருவர் ஹேர் டிரையர் கேட்டு, என் மிக்ஸியை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

இதற்காக நான் கோபப்படவில்லை. ஏனென்றால் லேபிள் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் விசைத்தறிச் சேலைக்குப் பெயர் போன ஊர். அந்தச் சேலைகளை ஆன்லைனில் விற்கும் மூன்று நான்கு பேர் என் கடையில்தான் லேபிள் அச்சடிக்கிறார்கள். ஏ4 தாளில் நான்கு லேபிள் வரும். கத்தரிக்கோலால் நறுக்கி, ஒரு கட்டாகப் பிடித்துக்கொண்டு போவார்கள். காற்றடித்து இரண்டு தாள் இடம் மாறினால் போதும், பச்சைச் சேலை மதுரைக்கும் சிவப்புச் சேலை சேலத்துக்கும் போய்விடும். என் கண்முன்னாலேயே மாறியிருக்கிறது. கையால் செய்கிற வேலையில் கை தவறத்தான் செய்யும். தவறிய பிறகு திரும்பி வருவதற்கான வழியை அடைத்து வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அன்றே செயலியில் 'தவறான பொருள் வந்தது' என்று பதிந்து, படமும் போட்டேன். பொங்கல் முடிந்து 16ஆம் தேதி பிக்கப் செய்ய ஒரு தம்பி வந்தார். ஹேர் டிரையரை எடுத்துக் கொடுத்தேன். அவர் தன் கைப்பேசியைப் பார்த்தார், பொருளைப் பார்த்தார், மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். மிக்ஸியின் படம். அதன் கீழே வரிசையாகக் கேள்விகள். பிராண்டு சரியாக இருக்கிறதா? நிறம் சரியாக இருக்கிறதா? மூன்று ஜாரும் இருக்கின்றனவா? மூடிகள் இருக்கின்றனவா?

"அண்ணாச்சி, இது மிக்ஸி இல்லையே."

"அதனால்தானே தம்பி திருப்பிக் கொடுக்கிறேன்."

"மிக்ஸி இருந்தால்தான் எடுக்க முடியும். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று போட்டால்தான் அடுத்த பக்கம் போகும். பொய்யாகப் போட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்."

அவர் மேல் குற்றமில்லை. 'க்யூ.சி. ஃபெயில்' என்று அழுத்திவிட்டுப் போனார். திருப்பும் பொருளை வாசலிலேயே சோதிப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. 19ஆம் தேதி வேறொருவர் வந்தார், அதே கதை. 22ஆம் தேதி யாருமே வரவில்லை. ஆனால் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று செய்தி வந்தது. காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதரைக்கு அடைக்கிற கடை இது. சாப்பாடே கடைக்குத்தான் வரும்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மிக்ஸி வரவில்லை என்பதை நிரூபிக்க நான் மிக்ஸியைக் காட்ட வேண்டும். என் கடைக்கு வருகிற வழக்குகளில் பெரும்பகுதி இதே முடிச்சில்தான் சிக்கி நிற்கிறது. ஷூவுக்குப் பதில் செருப்பு வந்த கல்லூரி மாணவன், இரட்டைக் கட்டில் போர்வைக்குப் பதில் தலையணை உறை வந்த புதுமணப்பெண் என்று எல்லாரிடமும் திரையில் இருக்கும் படத்தோடு பொருத்திப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்று திரும்பிப் போகிறார்கள். பொருந்தாததால்தான் திருப்புகிறோம் என்பதைச் சொல்ல அந்தத் திரையில் இடமே இல்லை.

ஜனவரி 27ஆம் தேதி விஷயம் இன்னும் சுவையானது. 'உங்கள் ரீஃபண்ட் செலுத்தப்பட்டது' என்று குறுஞ்செய்தி. வங்கிக் கணக்கைப் பார்த்தால் 890 ரூபாய். மிக்ஸிக்கு 3,450 கேட்டவனுக்கு இட்லிக் கொப்பரைக்கான பணத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள்! ஒரே ஆர்டர் எண்ணில் இரண்டு வரி இருந்ததால், உதவி மையத்தில் இருந்த யாரோ கீழ் வரியை அழுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தக் கொப்பரையை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அன்று காலையில்கூட அதில்தான் இட்லி அவித்தோம்.

கொப்பரைப் பெட்டிக்குள் விற்பனையாளரின் பில் இருந்தது. அதில் கும்பகோணம் முகவரியும் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. கூப்பிட்டேன். எடுத்தவர் குரலிலேயே அலுப்பு. "நான் ஒன்றும் செய்யவில்லை சார், சரக்கு நல்ல சரக்கு. என் கணக்கில் 890 ரூபாயைப் பிடித்துவிட்டார்கள், கூரியர் கூலியும் போய்விட்டது. என்ன குறை என்றுகூட எனக்குச் சொல்லவில்லை" என்றார். குறை ஒன்றும் இல்லை, இட்லி நன்றாக வருகிறது, உங்கள் யு.பி.ஐ. எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் அவருக்கு 890 ரூபாய் போய்ச் சேர்ந்தது. மகாமகத்துக்கு வந்தால் கடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்.

முகம் தெரியாத இரண்டு பேர் ஐந்து நிமிடத்தில் கணக்கைத் தீர்த்துக்கொண்டோம். நடுவில் இருந்த பெரிய நிறுவனத்தால் முடியவில்லை. முடியவில்லை என்பதைவிட மோசம், அவர்கள் கணக்குப்படி விவகாரம் முடிந்துவிட்டது. அதன்பின் எத்தனை முறை அரட்டைப் பெட்டியில் எழுதினாலும் 'உங்கள் ரீஃபண்ட் 27ஆம் தேதி வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டுள்ளது' என்ற ஒரே பதில்தான் வந்தது. தொகையைப் பாருங்கள் என்றால், விற்பனையாளரிடம் தெரிவித்திருக்கிறோம் என்றார்கள். எந்த விற்பனையாளர் என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

கடைசியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அனுப்புவதற்காக ஐந்து பக்கத்தில் ஒரு மனுவைத் தட்டச்சு செய்து, நாளை தாக்கல் செய்யப்போகிறேன் என்று அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலில் நகல் அனுப்பினேன். இரண்டாம் நாள், மார்ச் 24 அன்று, 3,450 ரூபாய் வந்தது. கூடவே ஒரு செய்தி: தங்களுக்கு ஒருமுறை மட்டும் அளிக்கப்படும் சிறப்புச் சலுகையாம். என் பணத்தை எனக்கே தருவதற்குச் சலுகை என்று பெயர் வைக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். மிக்ஸி பார்சல் வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 71 நாள்.

எனக்கு மனு எழுதத் தெரியும். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதும், வக்கீல் இல்லாமலே வாதாடலாம் என்பதும், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதும் தெரியும். அதனால் கிடைத்தது. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் 600 ரூபாய்ச் செருப்புக்காக யார் மனு எழுதுவார்கள்? நிறுவனங்கள் நம்பியிருப்பதும் இதைத்தான் என்று சந்தேகப்படுகிறேன்.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன். சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020 ஜூலையில் நீங்கள் கொண்டுவந்த மின்வணிக விதிகளை நான் அச்சிட்டு, லேமினேட் செய்து, கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறேன். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று நான்காவது விதி சொல்கிறது. பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்கு வராவிட்டாலோ விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கவோ பணத்தைத் திருப்ப மறுக்கவோ கூடாது என்று ஆறாவது விதி சொல்கிறது. வாசகங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

ஆனால் ஆறாவது விதியின் கடமை யார் தலையில்? விற்பனையாளர் தலையில். பலருடைய சரக்கை ஒரே இடத்தில் விற்றுக் கொடுக்கும் சந்தைத் தளத்தின் தலையில் இல்லை. தளத்தைக் கேட்டால், நாங்கள் வெறும் இடைநிலையாளர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு எங்களைக் காக்கிறது என்பார்கள். அதற்கும் மேலே, அந்நிய முதலீடு பற்றி 2018 டிசம்பரில் வணிக அமைச்சகம் வெளியிட்ட பத்திரிகைக் குறிப்பு எண் 2ஐ எடுத்துக் காட்டுவார்கள். சந்தைத் தளங்களில் விற்பனைக்குப் பிறகு பொருளைக் கொண்டுசேர்ப்பதும் வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்துவதும் விற்பனையாளரின் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. உள்ளூர்ச் சிறு கடைக்காரர்களைக் காப்பாற்றக் கொண்டுவந்த குறிப்பு அது. பெரிய தளங்கள் மழைக்கு ஒதுங்கும் திண்ணையாகிவிட்டது.

விற்பனையாளரின் பொறுப்பு என்கிறார்களே, அந்த விற்பனையாளரின் கையில் என்ன இருக்கிறது? என் கடையில் லேபிள் அச்சடிக்கும் சேலைக்காரரைக் கேட்டால் சொல்வார். வாடிக்கையாளர் கட்டும் பணம் அவருக்கு நேராக வருவதில்லை. தளத்துக்குப் போய், ரிட்டர்ன் கெடு முடிந்து, கழிவு, கூரியர்க் கூலி, வரி எல்லாம் பிடித்த பிறகே அவர் கணக்குக்கு வரும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் அவருக்குக் கிடைக்காது. கூரியரை அமர்த்துவது தளம். பிக்கப்புக்கு ஆள் அனுப்புவது தளம். ரீஃபண்ட் பொத்தானை அழுத்துவதும் தளம்தான். பணம், தகவல், போக்குவரத்து மூன்றும் ஒருவர் கையில் இருக்க, பொறுப்பு மட்டும் இன்னொருவர் தலையில். இப்படி ஒரு பங்காளி ஏற்பாட்டை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் சொன்னால் சிரிப்பார்கள்.

சேலைக்காரரின் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் என்னோடு பேசமாட்டார். வாங்குகிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் இல்லை. புதுச் சேலையை விசேஷத்துக்குக் கட்டிவிட்டு, பாயச வாசனையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சேலையை வைத்துக்கொண்டு கிழிந்த நைட்டியை மடித்து அனுப்பியவர்களும் உண்டு. அதனால் திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலையும் அவர் மனைவி கைப்பேசியில் வீடியோ எடுக்க, அவர் பிரிக்கிறார். வாங்குகிறவர்களிடமும் 'பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா' என்றுதான் முதல் கேள்வி. இரண்டு பக்கமும் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்கிறோம். நடுவில் பொருளைத் தூக்கிச் செல்கிறவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அவர்களிடம் சான்று இருக்கிறது. எடை! சேலைக்காரரின் பார்சல் அரைக் கிலோவைத் தாண்டி ஐம்பது கிராம் கூடிவிட்டால், கூரியர் கிடங்கில் இருக்கும் தராசு அதைக் கண்டுபிடித்து, அடுத்த கட்டணப் படிக்கு ஏற்றி, அவர் கணக்கில் பிடித்துவிடும். 'எடை வித்தியாசம்' என்று தனித் தலைப்பே உண்டு. ஐம்பது கிராமைக் கண்டுபிடிக்கிற தராசுக்கு, நான்கு கிலோவுக்கு மேல் வரவேண்டிய மிக்ஸிப் பெட்டி ஒரு கிலோகூட இல்லாமல் போனது தெரியாதா? தெரியும். கூலி வாங்க அந்த எடையைப் பார்க்கிறார்கள், பணம் திருப்ப அதைப் பார்ப்பதில்லை. என் 71 நாளையும் அந்த ஒரு எண் முதல் நாளிலேயே முடித்திருக்கும்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

2021 ஜூன் மாதம் உங்கள் துறை மின்வணிக விதிகளுக்குத் திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அதில் ஒரு பிரிவு எனக்கு மனப்பாடம். தளத்தில் பதிவு செய்த விற்பனையாளர் தன் கடமையில் தவறி, பொருள் வந்து சேராமல் வாடிக்கையாளருக்கு இழப்பு ஏற்பட்டால், அந்தப் பொறுப்பு சந்தைத் தளத்தின் மேல் விழும் என்றது அந்தப் பிரிவு. பின்னால் நிற்பவரின் பொறுப்பு என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஊரில் கடன் வாங்கும்போது ஜாமீன் நிற்பார்களே, அதுபோல. பிடி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற எளிய நியாயம். வரைவு வரைவாகவே நின்றுவிட்டது. அதன் மற்ற பிரிவுகளில் சர்ச்சை இருந்தது என்பது எனக்கும் தெரியும். திடீர்த் தள்ளுபடி விற்பனையைத் தடுப்பது போன்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்து அறிவிக்கையாக்க என்ன தடை?

பொருள் வராததோடு, பொருள் மாறி வந்ததையும் அந்தப் பிரிவில் சேர்க்க வேண்டும். பெட்டி வந்துவிட்டது, ஆகவே டெலிவரி ஆகிவிட்டது என்ற வாதத்துக்கு இடம் வைத்தால், ஹேர் டிரையரை மிக்ஸி கணக்கில் எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள். 'தவறான பொருள்' என்று புகார் வந்தால், பிக்கப்புக்கு வருகிறவர் படத்தோடு ஒப்பிடக் கூடாது. இருக்கிறதை இருக்கிறபடி படமெடுத்து, என் முன்னாலேயே பையில் இட்டு முத்திரை வைத்து, ரசீது கொடுத்துவிட்டு எடுத்துப் போக வேண்டும். சண்டையைப் பிறகு கிடங்குத் தராசை வைத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது, கடிகாரம். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. தீர்க்காவிட்டால்? ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று அந்த விதியில் எதுவும் இல்லை. இதே நாட்டில் ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் வங்கி திருப்பிப் போட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவு. வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும் என்பது அதன் அழகு. தோல்வியடைந்த யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கும் அந்த 100 ரூபாய் உண்டு. ஆனால் அந்த உத்தரவு பணப் பரிமாற்றம் தோற்றால்தான் பொருந்தும். என் பணம் வெற்றிகரமாகப் போய்விட்டதே, அதுதான் பிரச்சினை.

அதே அளவுகோலை இங்கே போட்டுப் பார்த்தேன். ஒரு மாதக் கெடு பிப்ரவரி 12இல் முடிகிறது. மார்ச் 24 வரை 40 நாள். நாளுக்கு 100 என்றால் 4,000 ரூபாய், மிக்ஸியின் விலையைத் தாண்டிவிடும். இப்படி ஒரு விதி இருந்திருந்தால் என் பணம் பிப்ரவரி 11ஆம் தேதி இரவுக்குள் வந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஐந்து பக்க மனு எழுதியிருக்கவும் மாட்டேன், நீங்களும் இதைப் படிக்க வேண்டியிருக்காது.

ரீஃபண்ட் செய்தியில் பொருளின் பெயர், தொகை, வங்கிக் குறிப்பு எண் மூன்றும் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள். யு.பி.ஐ. என்றால் யு.டி.ஆர். எண், அட்டை என்றால் ஏ.ஆர்.என். எண். 'உங்கள் ரீஃபண்ட் செலுத்தப்பட்டது' என்ற மொட்டைச் செய்தியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், எண் இல்லாமல் தேட முடியாது என்கிறார்கள். எண்ணைக் கேட்டுத் தளத்துக்கு எழுதினால், வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள். ஓய்வூதியக்காரர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தே தேய்கிறார்கள்.

தொலைபேசி எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது வெறும் வசதிக் குறைவு இல்லை. விற்பனையாளரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாவற்றையும் தளம் காட்ட வேண்டும் என்பது உங்கள் ஐந்தாவது விதி. காட்டுகிறார்கள், ஏழு முறை தட்டினால் வருகிற ஒரு பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், காதுக்கு வைக்கும் கருவியை வாங்கி, சரியில்லை என்று திருப்பினார். பணம் வரவில்லை. செயலியில் எண் கிடைக்காமல் இணையத்தில் தேடினார். கிடைத்த எண்ணில் பேசியவன் மிகவும் மரியாதையாகப் பேசினான். டீச்சர், ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், ரீஃபண்டை நான் இங்கிருந்தே போட்டுவிடுகிறேன் என்றான். அவர் திரையைத் தன் திரையில் பார்த்துக்கொண்டே கணக்கைத் துடைத்துவிட்டான். இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். 1,800 ரூபாய்க் கருவிக்காக அந்தம்மாள் இழந்தது ஒரு மாத ஓய்வூதியம். உண்மையான எண் முதல் பக்கத்தில் பெரிதாக இருந்திருந்தால் பொய்யான எண்ணைத் தேடிப் போயிருக்க மாட்டார்.

உங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கிறேன். தமிழிலேயே பேசலாம் என்றால் வயதானவர்களுக்கு முகம் மலர்கிறது. ஆனால் அது வழக்குக்கு முந்தைய சமரசம்தான், உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை என்று சொல்லும்போது மலர்ந்த முகம் வாடிவிடுகிறது. சமரசத்துக்குப் பின்னால் ஒரு பிரம்பு தெரிய வேண்டும். பின்னால் நிற்பவரின் பொறுப்பும் 100 ரூபாய்க் கடிகாரமும்தான் அந்தப் பிரம்பு என்பது என் எண்ணம்.

இப்படிப் பொறுப்பு ஏற்றினால் சின்ன விற்பனையாளர்களின் கழுத்தில்தான் கடைசியில் விழும், தளங்கள் அவர்களிடமிருந்து பிடித்துக்கொள்ளும் என்று ஒரு வாதம் வரும். வரட்டும். இப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கும்பகோணத்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், குறையே இல்லாத கொப்பரைக்கு. ஆகவே விற்பனையாளரிடம் பிடிப்பதற்கு முன் என்ன குறை, எந்தப் புகார், எந்தப் படம், எந்த எடை என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். விற்பனையாளர் யார் என்று தெரியாது என்ற சாக்கும் எடுபடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒவ்வொரு விற்பனையாளரின் நிகர விற்பனையிலும் தளம் அரை சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுகிறது. வரி பிடிக்கும்போது தெரிகிற முகவரி புகார் வரும்போது மட்டும் எப்படி மறந்துபோகும்?

மடல் நீண்டுவிட்டது. பதில் எந்த மொழியில் வந்தாலும் சரி, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் மகிழ்வேன். எங்கள் தபால்காரர் ஆளைப் பார்த்துக் கையெழுத்து வாங்காமல் நகரமாட்டார்.

இன்னொன்று. அந்த ஹேர் டிரையர் இன்னும் என் கடையில், லேமினேஷன் எந்திரத்துக்குப் பக்கத்தில் பெட்டியோடு இருக்கிறது. பணத்தைத் தந்தவர்கள் பொருளை எடுக்க வரவில்லை. கேட்டால், என் ஆர்டரில் அப்படி ஒரு பொருளே இல்லை என்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் அதற்குப் பணம் கட்டியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அதை எப்படிச் சேர்ப்பது, யாரிடம் கொடுத்து ரசீது வாங்குவது என்பதை உங்கள் பதிலில் ஒரு வரியாகச் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
சங்கரன்கோவில் ஜெராக்ஸ் கடைக்காரர்